படகு போகும் ஊற்றும் வயலில் போடும் யூரியாவும்

கேள்வி: அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் வேலை பார்க்கும் என் மகன், சிறு படகில் ஓடைக்குள் போய் ஊற்றுக்கண் பார்த்த படங்களை அனுப்பினான். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, அடியிலோ பாசி. சுற்றுவட்டார உரம்தான் காரணம் என்று படகுக்காரர் சொன்னாராம். வயலில் போட்ட உரம் எங்கோ இருக்கும் ஊற்றுக்கு எப்படிப் போகும்?
- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: படகுக்காரர் சொன்னதில் பெரும்பகுதி சரி.

ஃபுளோரிடாவின் வடபகுதியில் ஓடும் சுவானி ஆற்றின் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். சதுப்புக்காட்டு இலைதழைகளின் சாயம் அது. கரையோரம் ஓர் இடத்தில் தெளிந்த நீர் வந்து கலந்தால், உள்ளே ஊற்று இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கிளை ஓடையில் படகைத் திருப்பி, மோட்டாரை மேலே தூக்கிவிட்டுத் துடுப்புப் போட்டுப் போவதே நல்லது. ஓடைத் தரையில் வளரும் நீர்ப்புல்லை மோட்டாரின் விசிறி அறுத்துவிடும். நங்கூரத்தையும் புல்மேல் போடாமல் மணலில் போட வேண்டும்.

கையை நனைத்தாலே ஊற்று நெருங்குவது தெரியும். வருடம் முழுவதும் ஏறக்குறைய 22 டிகிரி செல்சியஸ்தான். கோடையில் சில்லென்றும், குளிர்காலத்தில் வெதுவெதுப்பாகவும் இருக்கும். குளிர் தாங்காத கடற்பசுக்கள் அந்த மாதங்களில் ஊற்றுகளைத் தேடி வருவது இதனால்தான். ஊற்றுக்கண்ணில் மணல் உலைநீர் போலக் கொதித்துப் புரளும். முதல் தர ஊற்று என்று அங்கே சொல்வது, விநாடிக்குச் சுமார் 2,800 லிட்டருக்குக் குறையாமல் தள்ளுவதை.

இவ்வளவு நீரும் மழையாக விழுந்து, மணற்பாங்கான மண் வழியே இறங்கி, சுண்ணாம்புப் பாறைப் பொந்துகளில் ஓடி வருவது. மேலே மக்காச்சோளம், நிலக்கடலை, தர்ப்பூசணி, பால் பண்ணைகள். பயிர் எடுக்காமல் விட்ட தழைச்சத்து நைட்ரேட்டாக மாறுகிறது. களித்துகள் அதைப் பிடித்து வைக்காது. தண்ணீர் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். விவசாயியை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிகளுக்கும் பங்கு உண்டு. வகுல்லா என்ற பெரிய ஊற்றில், டல்லஹாசி நகரம் சுத்திகரித்து வயலில் தெளித்த கழிவுநீர் போய்ச் சேர்வது சாயம் கலந்து பார்த்த சோதனையில் தெரிந்தது. பிறகு நகரம் தன் சுத்திகரிப்பு நிலையத்தையே மேம்படுத்தியது.

ஊற்றுநீரில் லிட்டருக்கு 0.35 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜனுக்கு மேல் கூடாது என்பது அங்குள்ள வரம்பு. நம் நாட்டில் குடிநீருக்கான வரம்பு 45 மில்லிகிராம் நைட்ரேட். அதாவது சுமார் 10 மில்லிகிராம் நைட்ரஜன். குடிக்கத் தகுந்த நீர்கூடப் பாசிக்கு விருந்து ஆகிவிடும் என்பது இதில் புரியும்.

உங்கள் பகுதியில் கடினப் பாறை. அந்த மாதிரிக் குகைகள் கிடையாது. வெடிப்புகள் வழியாகத்தான் நீர் இறங்கும். ஆனாலும் நைட்ரேட் கிணற்றுக்கு வரும். வந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள நீரை ஓர் ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் பாய்ச்சினால், சுமார் 2 கிலோ தழைச்சத்து போகிறது. பத்துத் தண்ணீருக்கு 20 கிலோ. கிட்டத்தட்ட ஒரு மூட்டை யூரியா! அதைத் தெரியாமல் மேலே இன்னொரு மூட்டையும் போட்டால், காசும் போய்க் கிணறும் கெடும். பயிர் சாயும், பூச்சியும் கூடும்.

அதனால் மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது நீரையும் கொடுத்து, நைட்ரேட் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வழக்கமான பாசன நீர்ச் சோதனையில் இது விடுபட வாய்ப்பு உண்டு. யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று, நான்காகப் பிரித்துப் போடுங்கள். கனமழை வரும் என்று தெரிந்தால் அன்று வேண்டாம். அந்தக் கிணற்று நீரைக் கைக்குழந்தைக்குப் பால் கலக்கப் பயன்படுத்தினால் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. காய்ச்சினால் நைட்ரேட் போகாது, நீர் சுண்டி அடர்த்திதான் கூடும்.

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, நிரம்பப் பிடித்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். உர பாட்டிலோ மருந்து பாட்டிலோ வேண்டாம்.