விலை கூடிய ஊசியா, பொருந்தும் ஊசியா?

சங்க அன்பர்கள் பலர் பரணில் கிடந்த பழைய இசைத்தட்டுகளைத் தூசி தட்டி மீண்டும் கேட்கத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சி தருகிறது. சிலர் வீட்டில் பிள்ளைகள் வாங்கித் தந்த உயர்தர டர்ன்டேபிளும் வந்துவிட்டது. அடுத்து அவர்கள் என்னிடம் கேட்பது, "எந்த கார்ட்ரிட்ஜ் சார் வாங்கலாம்?" என்பதுதான். இருப்பதிலேயே விலை கூடியதை வாங்கினால் போதும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது தவறு என்பது என் கருத்து.

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்தவன் நான். தட்டின் பள்ளம் எனக்குத் தண்டவாளம், ஊசி, சக்கரம். நல்ல வண்டியா என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்தப் பாதைக்கு ஏற்ற வண்டியா என்று பார்க்க வேண்டும்.

கார்ட்ரிட்ஜில் இரண்டு வகை முக்கியம். மூவிங் மேக்னெட் வகை சுமார் 3 முதல் 6 மில்லிவோல்ட் தரும். ஊசி தேய்ந்தால் பெரும்பாலானவற்றில் நாமே கையால் கழற்றி வேறு மாட்டலாம். மூவிங் காயில் வகையில் பெரும்பாலானவை அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகவே தரும். அதற்கேற்ற ஆம்ப்ளிஃபயரோ டிரான்ஸ்பார்மரோ தேவை. ஊசி தேய்ந்தால் பெரும்பாலும் முழு கார்ட்ரிட்ஜையும் அனுப்பித்தான் சரிசெய்ய வேண்டும். வைர ஊசிக்கும் பொதுவாக 500 முதல் 1000 மணி நேரமே ஆயுள். தினம் ஒரு எல்.பி. கேட்பவருக்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் அந்தச் செலவு வந்து நிற்கும்.

அடுத்தது, டோன் ஆர்ம். ஜப்பானிய வானொலிக்காக 1960களில் உருவான டெனான் டிஎல்-103 புகழ்பெற்ற கார்ட்ரிட்ஜ். ஆனால் அதன் ஸ்பிரிங் விறைப்பானது. கனமான ஆர்ம்தான் அதற்குப் பொருந்தும். மிருதுவான ஸ்பிரிங் உள்ளதற்கு இலேசான ஆர்ம் வேண்டும். இரண்டும் சேர்ந்து தாமாக ஆடும் அதிர்வு 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் தட்டின் வளைவே ஊசியை ஆட்டிவைக்கும்; மேலே போனால் இசையில் தலையிடும்.

எடை விஷயத்தில் நானே தவறு செய்தவன். எம்.எஸ். அம்மா பாடிய வேங்கடேச சுப்ரபாதம் 1963ல் எல்.பி.யாக வந்தது. என் தாயார் போற்றி வைத்திருந்த அந்தத் தட்டு தேயக்கூடாதே என்று, 2 கிராம் கேட்ட கார்ட்ரிட்ஜுக்கு 1 கிராம் மட்டும் வைத்தேன். குரல் ஓங்கும் இடங்களில் ஊசி பள்ளத்தின் சுவரை விட்டுத் துள்ளிச் சுவரைச் சிதைத்துவிட்டது. அங்கெல்லாம் இன்றும் கரகரப்புதான். சக்கரத்தின் மேல் பாரம் குறைந்தால் வண்டி தடம் புரளும் என்று பிறருக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்கே இது தோன்றவில்லை! தயாரிப்பாளர் சொன்ன எடையைச் சிறு தராசு கொண்டு அளந்து வையுங்கள்.

78 சுற்றுத் தட்டு வைத்திருப்போர்க்கு ஒரு வார்த்தை. எல்.பி. ஊசியின் முனை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 0.7 பங்கு; 78 தட்டுக்கு சுமார் 3 பங்கு வேண்டும். எல்.பி. ஊசியை வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடந்து அழுக்கைத்தான் பாடும். சில மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜுகளுக்கு 78 ஊசி தனியாகவே கிடைக்கிறது.

ஆகவே, நடுத்தர விலையில், உங்கள் ஆர்முக்குப் பொருந்தும் மூவிங் மேக்னெட் ஒன்று, கூட ஒரு 78 ஊசி, ஒரு தராசு. நம்மில் பெரும்பாலோர்க்கு இது போதும். கார்ட்ரிட்ஜ் கடையில் எப்போதும் கிடைக்கும். தாயார் விட்டுச் சென்ற தட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது.