புகைபோக்கி உயரமா இருந்தா போதுமா?

உங்கள் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் வீசிவிட்டு, ‘எங்க வீடு சுத்தம்’ என்று நீங்கள் சொன்னால் ஊர் சிரிக்காதா? அரசாங்கங்கள் சொன்னால் மட்டும் யாரும் சிரிப்பதில்லை.

1972-ல் கனடாவின் சட்பரியில், கந்தகப் புகை ஊரைக் கொல்கிறதென்று நிக்கல் ஆலைக்கு 381 மீட்டரில் புகைபோக்கி கட்டினார்கள். ஊர் மூச்சு விட்டது. புகை? காற்றோடு போய், மழையோடு இறங்கி, அடுத்தவன் காட்டில் விழுந்தது.

அமில மழை என்றால் இலை கருகும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அசல் கொள்ளை மண்ணுக்குள் நடக்கிறது. அமிலம் மண்ணிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து ஓடையில் விடுகிறது. சும்மா கிடந்த அலுமினியத்தைக் கிளப்பிவிட்டு வேரை முடக்குகிறது. மரம் உடனே சாகாது. வளர்வதை நிறுத்தும். அப்புறம் ஒரு கடுங்குளிர் போதும், கதை முடிஞ்சுது.

கற்பனையில்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்டு புரூக் காட்டில் 1963-லிருந்து மழையையும் ஓடையையும் அளந்து வருகிறார்கள். 1990-ல் சட்டம் கடுமையானது, மழையும் தேறியது. காடு தேறவில்லை. மண்ணின் கஜானா காலி! 1999-ல் ஹெலிகாப்டர் வைத்து, சுமார் 12 ஹெக்டேருக்கு 40 டன்னுக்கு மேல் கால்சியம் தாதுவைத் தூவினார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே மேப்பிள் மரங்கள் தலை நிமிர்ந்தன.

இனி நம்ம கதை. அனல் மின் நிலையங்கள் கந்தகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2015-ல் விதி போட்டார்கள். கெடு 2017. அது நீண்டது, இன்னும் நீண்டது. 2025 ஜூலையில் சுமார் 78 சதவிகித நிலையங்களுக்குக் கந்தகம் பிடிக்கும் கருவியே வேண்டாம் என்றாகிவிட்டது. நிபந்தனை என்ன தெரியுமா? புகைபோக்கி போதுமான உயரம் இருக்கணுமாம்!

நம் நிலக்கரியில் கந்தகம் கம்மி என்கிறார்கள். நிஜம்தான். கஞ்சியில் உப்பு கம்மி என்று அண்டா அண்டாவாகக் குடித்தால் உடம்பு தாங்குமா? நம்ம ஊர்த் தூசி அமிலத்தை முறிக்கிறதே என்கிறார்கள். அதுவும் நிஜம். தூசியை நம்பியா காட்டை ஒப்படைப்பது?

அந்தக் கருவி பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லை வைத்துத்தான் கந்தகத்தைப் பிடிக்கிறது. ஆக, கேள்வி எளிது. சுண்ணாம்பை இன்றைக்கு ஆலையில் போடுவதா, ஐம்பது வருஷம் கழித்து நம் பேரப்பிள்ளைகள் ஹெலிகாப்டரில் காடுகாடாகத் தூவுவதா?

மின்சார பில்லில் நாலு காசு கூடும் என்று பயமுறுத்துவார்கள். காட்டு மண்ணும் ஒருநாள் பில் அனுப்பும் சாமி. அதற்குத் தவணை கிடையாது.