'ஜடா'வுக்கு எதுக்குங்க பேய்?

1/ நேத்து ராத்திரிதான் 'ஜடா' பார்த்தேன். 2019 டிசம்பர்ல வந்த படம். கதிர், யோகி பாபு, கிஷோர் நடிச்சது, இயக்கம் குமரன். வடசென்னை கால்பந்தும் அதுக்குள்ள இருக்கிற அடிதடியும்தான் கதை. ஒரு டாக்டரா எனக்குப் பெரிய ஏமாற்றம். ஏன்னு சொல்றேன். (கதை தெரிஞ்சிடும், பார்த்துக்கோங்க.)

2/ அணிக்கு ஏழு பேர் ஆடுற 'செவன்ஸ்' ஆட்டம். பந்தை விட ஆளைத்தான் அதிகமா உதைக்கிறாங்க. கிஷோர் நடிச்ச சேது அந்த ஆட்டத்துல உயிரை விடுறார். அதே ஆட்டத்தை ஆடியே தீரணும்னு ஹீரோவுக்கு வெறி. நல்ல ஆரம்பம். நிமிர்ந்து உக்காந்தேன்.

3/ இரண்டாம் பாதியில கதை ஊரை விட்டுப் போய் பேய்ப் படமா மாறிடுது! இப்படி ஒரு ஆட்டத்தால யாருக்கு லாபம்? அடிபட்டவனை யார் தூக்கிட்டுப் போனாங்க? அவங்க வீட்டுல மறுநாள் என்ன நிலைமை? நான் காத்திருந்தது இதுக்குத்தான்.

4/ மைதானத்து வன்முறைக்கு ஆவி எதுக்குங்க? 1980 ஆகஸ்ட் 16, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான் ஆட்டம். வீரர்களுக்குள்ள நடந்த மோதல் கேலரிக்குப் பரவிச்சு. கைகலப்புலயும் நெரிசல்லயும் 16 ரசிகர்கள் செத்தாங்க. பந்து பார்க்கப் போனவங்க.

5/ நம்ம சினிமாவுல வயித்துல பத்து உதை வாங்கினவன் எழுந்து கோல் போடுவான். நிஜத்துல ஒரே உதையில மண்ணீரல் கிழியலாம். வெளியில காயமே தெரியாது. உள்ளே ரத்தம் மெதுவா கசியும். சில சமயம் நாள் கணக்குல கழிச்சுத்தான் ஆள் சரிவான்.

6/ கரியாலூர்ல எங்கிட்ட வர்ற பசங்க உண்மையைச் சொல்றதில்ல. "கீழ விழுந்துட்டேன் சார்"னுதான் ஆரம்பிப்பாங்க. சட்டையைத் தூக்கினா விலாவுல கால் தடம். வீட்டுல திட்டுவாங்க, கேஸ் ஆகிடும்னு பயம். அடி வாங்கினதைச் சொல்றது கோழைத்தனம்னு அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுல சினிமாவுக்கும் பங்கு இருக்கு.

7/ இதே செவன்ஸை வெச்சு மலையாளத்துல 2018-ல 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' வந்துச்சு. கதை நடக்கிறது மலப்புறத்துல. அடிபட்டுப் படுக்கையில கிடக்கிற வீரரை மேனேஜரோட அம்மா பார்த்துக்கிறதுதான் படமே. ஒரு உடம்பு தேறுறதுக்கு எத்தனை நாள், எத்தனை பேரோட உழைப்பு வேணும்னு புரியும். 'ஜடா' தவறவிட்டது அதைத்தான்.

8/ சண்டையே காட்டாதீங்கன்னு நான் சொல்லல. மறுநாள் காலையையும் காட்டுங்க. பேயை விட அது பயமா இருக்கும்.

9/ கடைசியா, விளையாடுற பசங்களுக்கு. வயித்துல அடிபட்ட பிறகு இடது விலாவுக்குக் கீழேயோ இடது தோள்லயோ வலி, தலைசுத்தல், வேர்த்துக் கொட்டுறது. தலையில அடிபட்டு மயங்கித் தெளிஞ்ச பிறகு வாந்தி, கூடிக்கிட்டே போற தலைவலி, தூக்கக் கலக்கம். இதுல எது இருந்தாலும் காலையில பார்த்துக்கலாம்னு படுக்காதீங்க. உடனே 108. இங்கிருந்து கள்ளக்குறிச்சிக்கு மலை இறங்கவே நேரம் ஆகும், அதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

யார் உதைச்சான்னு நான் கேக்க மாட்டேன். எங்க உதைச்சான்னு மட்டும் சொல்லுங்கடா தம்பிகளா.