லாரி அதிர்வா, நிலநடுக்கமா? மாணவர்களே பதிவு செய்யட்டும்!

எண்ணூர் விரைவுச் சாலையோர வீடுகளில் பாத்திரங்கள் கடகடத்தால் யாரும் பதறுவதில்லை. "கன்டெய்னர் லாரி போவுது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால், 2001 செப்டம்பர் 25-ல் புதுச்சேரி அருகே கடலுக்கடியில் ஏற்பட்ட நிலநடுக்கம் சென்னையிலும் உணரப்பட்டது. 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ரா அருகே ஏற்பட்ட 8.6 அளவு நிலநடுக்கத்தின்போதும் மக்கள் கட்டிடங்களை விட்டு வெளியே ஓடி வந்தார்கள். இந்த வித்தியாசத்தை வடசென்னை மாணவர்கள் பாடப்புத்தகத்தில் படித்தால் மட்டும் போதாது, தாங்களே கவனித்துப் பழக வேண்டும்.

லாரியின் அதிர்வு சாலையை ஒட்டிய வீட்டில் சில நொடிகளில் அடங்கிவிடும். தொலைவில் நிகழும் பெரிய நிலநடுக்கமோ மெதுவாக, நீண்ட நேரம் ஆட்டும். தரைத்தளத்தில் ஒன்றும் தெரியாமல் இருக்கும்போதே மேல்மாடியில் மின்விசிறி ஊசலாடும். நிலநடுக்கத்தின் அளவு ஒன்றுதான். அதன் தாக்கம் மண்ணுக்கும் கட்டிடத்துக்கும் ஏற்ப மாறும். தெருவுக்குத் தெரு கருவி வைக்க முடியாது என்பதால், உணர்ந்தவர்களின் பதிவு விஞ்ஞானிகளுக்குத் தேவைப்படுகிறது.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் 1990-களின் இறுதியிலிருந்தே இப்படிப் பொதுமக்களிடம் இணையம் வழியே தகவல் திரட்டுகிறது. நம் தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் 'பூகம்ப்' செயலியிலும் உணர்ந்ததைப் பதிவு செய்யலாம். நேபாளத்தில் 2015 பேரழிவுக்குப் பிறகு பள்ளிகளிலேயே விலை குறைந்த நிலநடுக்கமானிகள் வைக்கப்பட்டன.

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ இதைத் தொடங்கப் பெரிய செலவு தேவையில்லை. ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு நோட்டு, அதிர்வை அளக்கும் செயலியுள்ள ஒரு செல்போன் போதும். நேரம், மாடி, எத்தனை நொடி என்று லாரி அதிர்வைக் குறித்துப் பழகிய மாணவர், நிஜமான நடுக்கத்தையும் சரியாகக் குறிப்பார். "எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்பதும் பயனுள்ள பதிவுதான்.

"சென்னையில் பூகம்பமெல்லாம் அபூர்வமாச்சே" என்று கேட்கலாம். 2002-ல் சென்னை, 2-ஆம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து 3-க்கு உயர்த்தப்பட்டது. அதைவிட முக்கியம், 2004 டிசம்பர் 26. காலை 6.29 மணிக்கு சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தது. சென்னைக் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கும் மேலானது. காசிமேட்டுக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

இன்று ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. எல்லா நடுக்கமும் சுனாமியைக் கொண்டுவருவதில்லை. நடுக்கமே தெரியாமலும் சுனாமி வரலாம். ஆனாலும், நீண்ட நேரம் தரை ஆடினால் கரையை விட்டு விலகி, அரசு அறிவிப்பைக் கேட்க வேண்டும் என்று வீட்டுக்குச் சொல்ல ஒரு பிள்ளை இருப்பது நல்லது.