பூனைக்கு கிரீச் வேண்டாம்... மதியம் ஒரு ஆள் வந்தால் போதும்!

வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டால் பகலில் பூனையை என்ன செய்வது? சென்னை, கோவை போன்ற நகரங்களில் நாய், பூனைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடங்கள் இப்போது இருக்கின்றன. ‘குழந்தையை கிரீச்ல விடுற மாதிரிதானே’ என்று சிலர் பூனையையும் அங்கே விடுகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால், பெரும்பாலான பூனைகளுக்கு அது வேண்டாத வேதனை என்பதே என் கருத்து.

இடம் மாறினால் என்ன ஆகும்?

பூனைக்கு ஆள் எவ்வளவு முக்கியமோ, இடமும் அவ்வளவு முக்கியம். சோபாவிலும் கதவிலும் கன்னத்தை உரசித் தன் வாசனையைப் பதித்து வைத்திருக்கும். அந்த வாசனைதான் அதற்குத் தைரியம். தினமும் கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய் குரைக்கும் இடத்தில் இறக்கினால் பல பூனைகள் மூலையில் ஒளிந்துகொண்டு சாப்பிடாமல் கிடக்கும். ரெண்டு, மூணு நாள் சேர்ந்தாற்போல் சாப்பிடாவிட்டால், குறிப்பாகக் குண்டுப் பூனைகளுக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

தொற்றும் ஒரு கவலை. பேன்லுகோபீனியா வைரஸ் குட்டிகளின் உயிரை எளிதில் பறிக்கக்கூடியது. தரையிலும் பாத்திரத்திலும் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும்.

தனியாக விடலாமா?

வளர்ந்த பூனை ஒரு நாளைக்கு 12 முதல் 16 மணி நேரம் தூங்கும். விடியலிலும் அந்தி நேரத்திலும்தான் அதற்கு உற்சாகம். நீங்கள் ஆபீஸில் இருக்கும் நேரத்தில் அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆரோக்கியமான பூனை என்றால் 8 மணி நேரம் தனியாக இருப்பது பெரிய விஷயமில்லை.

ஆனால், வீடு தயாராக இருக்க வேண்டும். பால்கனிக்கு வலை கட்டாயம். ரெண்டு இடத்தில் தண்ணீர், சுத்தமான மணல் தட்டு வையுங்கள். மே மாத வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் வீடு அடுப்பாகக் கொதிக்கும். காற்றோட்டமான அறையை அதற்குத் திறந்து விடுங்கள். லில்லிப் பூக்கள், பாராசிட்டமால் மாத்திரை இரண்டும் பூனைக்கு விஷம். கண்ணில் படவே கூடாது.

நாலு மாதத்துக்குக் குறைவான குட்டி என்றால் கதை வேறு. அதைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்டிப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

வருகிறவர் எதைப் பார்க்க வேண்டும்?

மதியம் அரை மணி நேரம் ஒருவர் வந்துபோனால் போதும். பக்கத்து வீட்டு அக்கா, காலேஜ் படிக்கும் தம்பி என்று பூனைக்கு ஏற்கெனவே பழகிய முகமாக இருப்பது நல்லது.

தட்டை நிரப்பிவிட்டுப் போவது மட்டும் கவனிப்பு ஆகாது. மணல் தட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆண் பூனை அடிக்கடி தட்டில் ஏறி முக்குகிறது, சிறுநீர் வரவில்லை என்றால் அது அடைப்பாக இருக்கலாம். ‘சாயங்காலம் பாத்துக்கலாம்’ என்று விடக் கூடாது. ஓரிரு நாளில் உயிர் போகக்கூடிய அவசரம் அது. கால்நடை மருத்துவரின் எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

இன்னொன்று. வீட்டு வேலைக்கு வருபவரிடம் ‘அப்படியே பூனையையும் பாத்துக்கோங்க’ என்று சொல்வது நம்மிடம் சர்வசாதாரணம். அது தனி வேலை. அவருக்குப் பூனை என்றால் பயமா, அலர்ஜியா என்று முதலில் கேளுங்கள். சம்மதம் என்றால் தனிச் சம்பளம் கொடுங்கள். கடமைக்குச் செய்யும் வேலையில் மணல் தட்டை யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள்.

வெளியே விட்டுத்தான் ஆக வேண்டுமா?

வீட்டில் பெயின்ட் வேலை, நேரம் தவறாமல் மருந்து தர வேண்டிய நோய் என்று சில சமயம் வேறு வழியிருக்காது. அப்போது நேரில் போய்ப் பாருங்கள். பூனைக்குத் தனி அறை இருக்கிறதா? நாய்ச் சத்தம் கேட்கிறதா? ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியாவது உண்டா? முக்கியமாக, உங்களிடம் தடுப்பூசி அட்டையைக் கேட்கிறார்களா? கேட்கவில்லை என்றால், அங்கே இருக்கும் மற்ற பூனைகளிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.