ஆதனூருக்குத் திரும்பாத நந்தன்

"அண்ணா, பெரியபுராணம் பிடிக்கும்னு சொன்னா நம்ம தோழர்கள் கோவிச்சுக்குவாங்களா?" வாசிப்பு வட்டம் முடிந்ததும் ஒரு மாணவி தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்கும் பிடிக்கும் என்றேன்.

ஆதனூர்ச் சேரியைச் சேக்கிழார் காட்டும் இடம் எத்தனை முறை படித்தாலும் சலிக்காது. மருத மர நிழலில் தோலை விரித்துக் குழந்தையைத் தூங்க வைக்கிறாள் ஓர் உழத்தி. புதைத்த பானைக்குள் கோழி ஒடுங்கிக் கிடக்கிறது. மாமரத்தில் பறைகள் தொங்குகின்றன. 12ஆம் நூற்றாண்டிலேயே நம் தெருவை இவ்வளவு நெருங்கிப் பார்த்த கண் அது.

அதே கண்தான் நந்தனைத் தில்லையில் நெருப்புக்குள் அனுப்புகிறது. கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர் அவர். அவர் கொடுத்த தோல் உள்ளே போனது. அவரால் போக முடியவில்லை. நெருப்பில் இறங்கிப் பூணூலோடு எழுந்த பிறகே அந்தணர்கள் கைகூப்புகிறார்கள். கோயிலுக்குள் போனவர் மறைந்துவிடுகிறார். ஆதனூருக்கு யார் செய்தி சொன்னார்கள்? அந்த உழத்தி என்ன கேட்டாள்? புராணத்தில் பதில் இல்லை.

பிடித்த நூலிலிருந்து புதுக்கதை எழுதும் ஆசை இங்கேதான் பிறக்கிறது. பிடிக்காத நூலை மூடிவைத்துவிட்டுப் போய்விடலாம். பிடித்த நூல் நம் ஆளைக் கைவிடும்போது சும்மா இருக்க முடிவதில்லை.

பழைய நூல்களில் கை வைக்கலாமா என்று கேட்பார்கள். நந்தன் கதையே கை வைத்துக் கை வைத்து வளர்ந்ததுதான். சுந்தரர் பெயரை மட்டும் சொன்னார். நம்பியாண்டார் நம்பி அதை ஒரு பாட்டாக்கினார். சேக்கிழார் ஊரையும் நெருப்பையும் விரித்தார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி, பெரியபுராணத்தில் இல்லாத பார்ப்பனப் பண்ணையாரைக் கொண்டுவந்தார். புதுமைப்பித்தன் 1934இல் 'புதிய நந்தன்' எழுதி, காந்தியும் சுயமரியாதையும் பேசப்பட்ட காலத்துக்குள் கதையை இழுத்து வந்தார். இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகத்தில் நெருப்பு ஆதிக்கசாதியினரின் சூழ்ச்சியாகிறது.

இத்தனை கைகளில் சேரியின் கை எங்கே? அயோத்திதாசர் கேட்டார். நந்தனை அவர் பண்ணையாளாக ஏற்கவே இல்லை. பௌத்த அரசன், பார்ப்பனச் சூழ்ச்சியால் கொல்லப்பட்டவன் என்று எழுதினார். அதைக் கதை என்றும் சொல்லவில்லை, சரித்திரம் என்றார். அதை ஏற்பதும் மறுப்பதும் ஆய்வாளர் வேலை. நெருப்பில் குளித்தால்தான் மனிதன் என்பதை ஒரு வாசகர் மறுத்தார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஆகவே அந்த மாணவியிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். பிடித்ததைப் பிடித்தது என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். வலித்த இடத்தில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். மருத மரத்தடியில் அந்தத் தாய் இன்னும் செய்திக்காகக் காத்திருக்கிறாள். அவள் கதையை நாம்தான் எழுத வேண்டும்.