டர்போ போச்சா, ஹோஸ் போச்சா?

கள்ளக்குறிச்சியில் ஜோராக ஓடிய டீசல் கார், கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும்போது மூச்சு வாங்குகிறது. செகண்ட் கியரிலும் இழுக்கவில்லை, பின்னால் கரும்புகை. மெக்கானிக் பேனட்டைத் திறப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும்: ‘டர்போ போச்சு சார், மாத்திடணும்.’

அவசரப்படாதீர்கள். பல ஆயிரம் ரூபாய் விவகாரம் இது.

எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். இதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-ல் காப்புரிமை வாங்கிய யோசனை. தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே.

புகையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கிழிந்திருக்கலாம், கிளாம்ப் கழன்றிருக்கலாம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ‘உஸ்’ என்று சத்தம் வந்தால் ஹோஸ் மீதுதான் முதல் சந்தேகம். (பி.எஸ்.-6 கார்களில் புகையை ஃபில்டரே பிடித்துக்கொள்ளும். அங்கே டேஷ்போர்டு விளக்கையும் ஸ்கேனரையும்தான் நம்ப வேண்டும்.)

நீலப்புகை வேறு கதை. ஆயில் எரிகிறது. அதோடு சைரன் மாதிரி ஊளைச் சத்தமும் கேட்டால் மலை ஏறாதீர்கள். சக்கரம் உடைந்தால் துண்டுகள் எஞ்சினுக்குள் போய்விடும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, மெக்கானிக்கைக் காற்று ஹோஸைக் கழற்றச் சொல்லி, சக்கரத்தை விரலால் ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடினால் பரவாயில்லை. முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை நுனி சுவரில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ போனது நிஜம். ஹோஸுக்குள் ஆயில் ஈரம் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். தேங்கி நின்றால்தான் கவலை.

டர்போ போனது உறுதியானால், ஏன் போனது என்றும் கேளுங்கள். பெரும்பாலும் ஆயில் தகராறுதான். மாற்றாமல் கெட்டுப்போன ஆயில் கசடாகி, டர்போவுக்கு வரும் ஆயில் பைப்பை அடைத்துவிடும். பைப்பைச் சுத்தம் செய்யாமல் புது டர்போ போட்டால், அதுவும் சீக்கிரமே போய்விடும்.

ஏறி முடித்து வெள்ளிமலையில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். கொதிக்கும் டர்போவில் ஆயில் ஓட்டம் சட்டென நின்றால், அங்கேயே கருகிக் கசடாகும். பிள்ளைகள் இறங்கி டீக்கடைக்குப் போகட்டும். எஞ்சின் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் ஓடட்டும்.